ரோலருக்கு முட்டுக் கொடுத்த கால்

போன மாதம் செல்வம் போன் செய்தான். நான் வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்பில் இப்போது மெயின்டனன்ஸ் பொறுப்பில் இருப்பவன். சுகர் எவ்வளவு இருக்கிறது என்றான், எங்கள் ஊர் கலவைப் பக்கம் மழை உண்டா என்றான், பேரன் பேசுகிறானா என்றான். இவ்வளவு சுற்றி வளைத்தால் பின்னால் ஏதோ காரியம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

"அண்ணே, தோட்டத்துல புல்லு வெட்டுற மெஷின் இருக்குதுல்ல, அதோட பின் ரோலர் சுத்த மாட்டேங்குது. இன்ஜின் ஓடுது, கத்தி சுத்துது, வண்டி மட்டும் நவுரல. ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போறீங்களா? கார் அனுப்புறேன்."

"மாட்டேன்."

"ரெண்டு மணி நேர வேலைதாண்ணே."

"அஞ்சு நிமிஷ வேலையா இருந்தாலும் மாட்டேன். ஆம்பூர்ல பம்ப்செட் ரிப்பேர் கடை இருக்கு. அங்க கொண்டு போ."

அவன் விடவில்லை. "அப்ப அன்னிக்கு என்னா நடந்துச்சுன்னு எழுதியாவது குடுங்கண்ணே. பசங்க ஆளுக்கு ஒரு கத சொல்றானுங்க. நீங்க தண்ணி போட்டுட்டு கைய உட்டீங்கன்னுகூட ஒருத்தன் சொன்னான்."

எனக்கு வந்ததே கோபம். பீடிகூடப் பிடிக்காதவன் நான். போனை வைத்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே, "போகலன்னு சொல்லிட்டீங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றதும் மறுபடி கீரையைப் பார்க்க ஆரம்பித்தாள். அவளுக்கும் அந்த மெஷின் பேரைக் கேட்டாலே ஆகாது. சரி, ஊரில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வதைவிட நானே எழுதிவிடுகிறேன். அன்று என்னோடு இருந்தவன் ஏழுமலை; மாதனூர் பக்கம் மகன் வீட்டில் இருக்கும் அவனுக்கும் போன் செய்து, எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்கோ. என் பேரையும் போட்டுக்கோ" என்றான்.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். ராணிப்பேட்டையில் அப்ரண்டிஸாகக் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் இருந்த அந்தத் தோல் ஷாப்பில் சேர்ந்தேன். படித்தபோது அரமும் ஸ்பேனரும் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் சவ்வு எடுக்கிற கூடத்துக்குள் நுழைந்ததும் திரும்பி பஸ் ஏறிவிடலாமா என்று தோன்றியது.

அந்தக் கூடத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வரும் தோலின் உள்பக்கத்தில் சதையும் சவ்வும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வழித்து எடுப்பதுதான் ஃப்ளெஷிங் மெஷின். ஆள் நீளத்துக்கு ஓர் இரும்பு உருளை, அதில் திருகுத் திருகாகக் கத்திகள். எதிரில் ரப்பர் ரோலர். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று தோலை விரித்துப் போடுவார்கள். ஒருவன் காலடியில் பெடல் இருக்கும். பெடலை மிதித்தால் ரோலர் வந்து கத்தியோடு சேர்ந்து தோலை இழுக்கும். காலை எடுத்தால் வாய் திறந்துவிடும். தரையெல்லாம் சுண்ணாம்புத் தண்ணீர், தோலெல்லாம் வழவழப்பு. தோலோடு சேர்ந்து கை உள்ளே போக ஒரு நொடி போதும்.

அதனால் அந்தக் கூடத்தில் ஒரு சத்தம் உண்டு. யாருக்காவது கை மாட்டுகிற மாதிரி தெரிந்தால், பார்த்தவன் எவனாக இருந்தாலும், "கால எடு!" என்று கத்துவான். கத்தினதும் பெடலில் நிற்பவன் காலை எடுத்துவிடுவான். ஏன், எதற்கு, யார் கை என்றெல்லாம் பார்க்க மாட்டான். பார்க்கவும் கூடாது. டீ குடிக்கும்போது வேண்டுமென்றே எவனாவது கத்தினால்கூட, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மெஷின்காரர்களின் வலது கால் தரையை விட்டு எழும்பும். அதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். ஏழுமலையின் கால்தான் எல்லோருக்கும் முந்தி எழும்பும். அந்த ஷாப்பிலேயே நல்ல பெடல்காரன் என்று அவனுக்குப் பேர். அவன் பெடலில் நின்ற காலத்தில் அவன் ஜோடிக்காரன் ஒருவனுக்கும் நகம்கூடப் பெயர்ந்ததில்லை.

எங்கள் ஃபோர்மேன் கரீம் பாய். நெடுநெடு என்று உயரம், நரைத்த தாடி, காக்கி கோட்டு. யாரையும் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. மெஷின் ஓடுகிற இரைச்சலில்கூட மெதுவாகத்தான் பேசுவார். நாம்தான் கிட்டே போய்க் காதைக் கொடுக்க வேண்டும். கிட்டே போனால் வேலையை நிறுத்தியாக வேண்டும். அதற்காகத்தான் அப்படிப் பேசினாரோ என்னவோ.

எந்த மெஷினைத் தொடுவதாக இருந்தாலும் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் ஸ்விட்சை அணைப்பார். அப்புறம் ஃப்யூஸ் கட்டைகளைப் பிடுங்கி கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார். பையை வெளியிலிருந்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "ஜோபுல இருக்கு. இப்ப கை வை" என்பார். வேலை முடிந்து எல்லோர் கையும் வெளியே வந்ததைப் பார்க்காமல் அந்தக் கட்டைகள் பையை விட்டு வராது. ஒரு தடவை மேனேஜரே அவசரப்படுத்தினார். அவருக்கும் அதே மெதுவான குரலில்தான் பதில் வந்தது: "ஜல்தி வேணாம் சார். கை போனா ஜல்தியா முளைக்காது."

சேர்ந்த புதிதில் நான் மெஷினைத் தொடத் தயங்குவதை அவர் பார்த்துவிட்டார். "பயமா இருக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "அச்சா. அப்படியே இரு" என்றார். வேறு யாராவது இருந்தால் பயப்படாதே என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர் அப்படிச் சொல்லாததால்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

இனி புல் விஷயம். கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிளான்ட் வந்த பிறகு, சுத்தம் செய்த தண்ணீரில் புல் வளர்த்துக் காட்ட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்தது. தோல் வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் வந்தால் முதலில் அந்தப் புல்வெளிக்குத்தான் அழைத்துப் போவார். தண்ணீர்த் தேக்கத்தைப் பார்த்துச் சரிகிற மேடு அது. அந்த மேடு முழுக்கப் பச்சையாக இருக்கும். அதை வெட்ட பெட்ரோலில் ஓடுகிற மெஷின் ஒன்று வாங்கிப் போட்டார்கள். முன்னால் ஒரு கத்தி உருளை, அதை ஒட்டி அடியில் ஒரு தட்டைக் கத்தி, பின்னால் ஒரு ரோலர். இன்ஜினிலிருந்து ஒரு செயின் கத்திக்குப் போகும், ஒரு செயின் பின் ரோலருக்குப் போகும். ரோலர்தான் வண்டியை நடத்தும். பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். தோல் வராத நாட்களில் ஏழுமலையைத் தோட்டத்துக்கு அனுப்புவார்கள். அவன்தான் அதை ஓட்டுவான். "நம்ம ஃப்ளெஷிங் மெஷின் குட்டி போட்டுருக்குது தோஸ்த்" என்று என்னிடம் சிரிப்பான். கத்தி உருளையைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

பையர்கள் வருகிற சமயத்தில் ஒரு நாள் மெஷின் நின்ற இடத்திலேயே நின்றது. செல்வம் சொன்ன அதே கோளாறு. இன்ஜின் ஓடுகிறது, கத்தி சுற்றுகிறது, ரோலர் சும்மா கிடக்கிறது. வொர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். கரீம் பாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஃப்யூஸ் எங்கே என்று தேடுகிறாரா என்று நான் கிண்டலாக நினைத்தேன். பெட்ரோல் மெஷினுக்கு ஏது ஃப்யூஸ்? கடைசியில் ஸ்பார்க் ப்ளக்கைக் கண்டுபிடித்தார். தொப்பியை மட்டும் கழற்றினால் அவருக்குத் திருப்தி இல்லை. ப்ளக்கையே ஸ்பேனர் போட்டுக் கழற்றி, துணியில் துடைத்து, கோட்டுப் பையில் போட்டு ஒரு தட்டுத் தட்டினார். "ஜோபுல இருக்கு. இப்ப கை வை."

செயின் மூடியைத் திறந்தால் உள்ளே கிரீஸும் புல் சாறும் சேர்ந்து கறுத்துப்போய்க் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். செயினின் பூட்டைக் கழற்றி, பக்கத் தகட்டை எடுத்து, ரோலரை வெளியே இழுத்தோம். கோளாறு கையில் வந்தது. பல்சக்கரத்தையும் ரோலரின் தண்டையும் ஒன்றாகப் பிடித்துவைப்பது சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஓர் இரும்புத் துண்டு. அதற்குக் கீ என்று பேர். அது வெட்டுப்பட்டுப் போயிருந்தது. அதனால்தான் சக்கரம் தனியாகச் சுற்ற, ரோலர் தன்பாட்டுக்குக் கிடந்தது.

புதுக் கீயை அரத்தால் ராவி நானே செய்தேன். பாய் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். பள்ளத்தில் நீல மை தடவி, கீயை வைத்து எடுத்து, எங்கே மை ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் அரத்தால் ஓர் இழுப்பு. மறுபடி மை, மறுபடி இழுப்பு.

"போதுமா பாய்?"

"இன்னும் கம்மி பண்ணு. ஜாஸ்தி எடுத்துடாத. எடுத்தத திருப்பி ஒட்ட முடியாது."

கட்டைவிரலால் அழுத்தினால் பாதி போக வேண்டும், மீதி சின்னச் சுத்தியலின் ஒரு தட்டில் போக வேண்டும். அப்படி உட்கார்ந்தது. புது பேரிங் போட்டேன். செயினின் பூட்டுக் கிளிப்பை மூடின பக்கம் ஓடுகிற திசையைப் பார்த்து மாட்டினேன். ரோலரைக் கையால் உருட்டினேன். செயின் ஓடியது, கத்தியும் கூடவே சுற்றியது. துளிகூட ஆட்டம் இல்லை. பாய் தாடியைத் தடவிக்கொண்டு, "அச்சா வேல" என்றார். அவர் வாயால் அப்படி வருவது அபூர்வம். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

ப்ளக்கை மாட்டி, மேட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தோம். ஏழுமலை கைப்பிடியைப் பிடித்தான். மெஷின் சொன்ன பேச்சுக் கேட்டு நடந்தது. மேல் வரப்பில் போய்த் திரும்பி, தண்ணீர்த் தேக்கத்தைப் பார்த்துக் கீழே இறங்கும்போது கரகரவென்று ஒரு சத்தம். உடனே இன்ஜினை அணைத்துவிட்டான். சரிவின் நடுவில் மெஷின் அப்படியே நின்றது.

குனிந்து பார்த்தால், கத்தி உருளைக்கும் அடிக் கத்திக்கும் நடுவில் தோல் துண்டு ஒன்று. ஓரம் வெட்டிப் போட்ட கெட்டித் தோல். எங்கள் ஷாப்பில் எங்கே பார்த்தாலும் அது கிடக்கும். காக்காய் தூக்கிக்கொண்டு வந்து போட்டிருக்கும், இல்லையென்றால் காற்று கொண்டுவந்திருக்கும்.

"நில்லு" என்றார் பாய். முறைப்படி ப்ளக்கைக் கழற்றினார். சூடாக இருந்தது. கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டார். பையைத் தட்டினார். "ஜோபுல இருக்கு. இப்ப கை வை."

நான் மெஷினுக்கு முன்னால், கீழ்ப்பக்கமாக, மண்டியிட்டு உட்கார்ந்தேன். வலது கையை உள்ளே விட்டுத் தோல் துண்டைப் பிடித்து இழுத்தேன். முதலில் வரவில்லை. விரல்களை இன்னும் உள்ளே நுழைத்து, தோலைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஆட்டி ஆட்டி இழுத்தேன். அது கொஞ்சம் இளகியது.

இளகியதும் மெஷின் என்னைப் பார்த்து நகர்ந்தது.

ஏன் என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மேட்டில் ஸ்கூட்டரை கியரில் போட்டு நிறுத்தினால் இன்ஜினின் இறுக்கம் அதை உருளாமல் பிடித்துக்கொள்ளும் இல்லையா, அப்படித்தான் அந்த மெஷினும் சரிவில் நின்றிருந்தது. ப்ளக்கைக் கழற்றினதும் இன்ஜினுக்குள் காற்று போக வழி கிடைத்து அந்த இறுக்கம் போய்விட்டது. அதற்கு மேல் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது கத்தியில் மாட்டிய தோல் துண்டு மட்டும்தான். அதைத்தான் நான் இழுத்துக்கொண்டிருந்தேன். வண்டி உருண்டால் ரோலர் சுற்றும். ரோலர் சுற்றினால் செயின் வழியாகக் கத்தி சுற்றும். வெட்டுப்பட்ட அந்தப் பழைய கீயே இருந்திருந்தால் ரோலர் தனியாக உருண்டிருக்கும், கத்தி அசைந்திருக்காது. எங்கள் மெஷின்கள் எல்லாம் தரையில் போல்ட் போட்டு இறுக்கியவை. ஒன்றும் இடம் விட்டு நகர்ந்ததே கிடையாது. கரண்ட்டைப் பிடுங்கிப் பையில் போட்டால் செத்துப்போகும். தரையே கத்தியைச் சுற்ற வைக்கும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மெஷின் ஒரு சாண்கூட நகர்ந்திருக்காது. அதற்குள் ஏழுமலை பக்கவாட்டில் பாய்ந்து தன் ரப்பர் கம்பூட்டை ரோலருக்கு முன்னால் செருகிவிட்டான். ரோலர் அவன் பூட்டின் மேல் ஏறப் பார்த்து அங்கேயே நின்றது. ஆனால் என் விரல்கள் கத்திக்கும் அடிக் கத்திக்கும் நடுவில், அந்தத் தோல் துண்டோடு சேர்த்துக் கவ்வப்பட்டிருந்தன. வலி இன்னும் வரவில்லை. கத்தியின் குளிர்ச்சி மட்டும் தெரிந்தது. ஒரு சத்தம் கேட்டது, அது நான் கத்தியது என்று அப்புறம்தான் தெரிந்தது.

"யாரும் அசைய வேணாம்" என்றார் பாய். குரல் வழக்கம்போல மெதுவாகத்தான் இருந்தது. "ஏழுமல, ஒன் காலு அங்கியே இருக்கட்டும். தனபாலு, கைய இழுக்காத. நான் பின்னால போய் கைப்பிடியப் புடிச்சு மேல இழுக்குறேன். பின்னால இழுத்தா கத்தி திறக்கும். வாய் திறந்தா கைய எடு. அதுவரிக்கும் மூச்சு மட்டும் வுடு."

அவர் மெஷினைச் சுற்றி நடந்தார். அவருக்கு அப்போதே முழங்கால் வலி உண்டு. சரிவில் புல் ஈரம். வழுக்கி விழுந்தால் எல்லாம் போயிற்று என்று ஒவ்வோர் அடியாக வைத்தார். வாழ்நாளில் நான் அவ்வளவு பயந்ததில்லை. எனக்கு முன்னால் இரும்பு, அதற்குள் என் கை, அதற்குப் பின்னால் ஏழுமலையின் கால். அந்தக் காலைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. கறுப்பு கம்பூட், முனையில் சுண்ணாம்பு காய்ந்து வெளுத்திருந்தது. ஃபிட்டருக்கு வலது கை போனால் அப்புறம் என்ன இருக்கிறது? மகளுக்கு அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பூட்டைப் பார்த்து, இருடா, அங்கேயே இருடா என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஏழுமலை என் முகத்தைப் பார்த்து, "எடுக்க மாட்டேன் தோஸ்த். நீ பயப்படாத" என்றான்.

அப்போதுதான் கூடத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். நான் போட்ட சத்தம் அங்கே கேட்டிருக்கிறது. மேல் வரப்பில் வந்து நின்று பார்த்தவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? கத்தி உருளை, அதில் ஒருவன் கை, பக்கத்தில் ஏழுமலை காலை ஊன்றி நிற்கிறான். அவர்கள் வேறு எதைக் கத்துவார்கள்?

"கால எடு! ஏழுமல, கால எடு!"

நாலைந்து பேர் ஒரே குரலில் கத்தினார்கள். பாய் முதல்முறையாகச் சத்தம் போட்டு, "நை! எடுக்காத!" என்றார். அந்தக் குரல் யாருக்கும் பழக்கமில்லை. மற்றக் குரல் ஏழுமலையின் காலுக்குப் பழக்கம். அவன் கண் என்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. அவன் கால் எழும்பிவிட்டது.

எழும்பியதை அவனே அப்புறம்தான் பார்த்தான். உடனே திரும்ப வைத்தான். பாயும் அதற்குள் கைப்பிடியைப் பிடித்துத் தொங்காத குறையாகப் பின்னால் இழுத்தார். நடுவில் போனது ஒரு கண் இமைப்புதான். கத்தி ஒரு பல் அளவுக்குச் சுற்றியது. வாய் திறந்தது, நான் கையை எடுத்துக்கொண்டேன். மோதிர விரலிலும் சுண்டுவிரலிலும் மேல் கணு இல்லை. மற்ற விரல்களைச் சுற்றி அந்தக் கெட்டித் தோல் இருந்ததால் அவை தப்பின.

வேலூரில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பாய் தினமும் வந்தார். முதல் நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையை எடுக்கக் கோட்டுப் பையில் கைவிட்டார். அதோடு ப்ளக்கும் வந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். ஏழுமலை ஒரு நாளும் வரவில்லை. வாசல் வரைக்கும் வந்து, செக்யூரிட்டியிடம் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டுவிட்டுப் போகிறான் என்று என் மனைவி சொன்னாள். எனக்கு அவன் மேல் துளிக் கோபம் இல்லை. அந்தச் சத்தத்துக்குக் காலை எடுக்காத பெடல்காரனோடு யார் வேலை செய்வார்கள்?

கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பியதும், கை பழகுகிற வரைக்கும் கூடத்தில் கிரீஸ் போடுவதையும் ஸ்விட்ச் போர்டையும் பார்த்துக்கொள் என்றார் பாய். ஏழுமலை தன் பழைய மெஷினில் நின்றான். நான் போய் அவன் தோளில் இடது கையைப் போட்டு, "என்னா தோஸ்த்" என்றேன். சிரித்தான். என் வலது கையை மட்டும் பார்க்கவில்லை. நானும் அதை பேன்ட் பையிலேயே வைத்துக்கொள்ளப் பழகியிருந்தேன். அவன் ஜோடிக்காரன் குமார் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "அண்ணே, இவன் கால் முன்ன மாதிரி இல்ல. எடுக்க யோசிக்குது. எனக்கு பேஜாரா இருக்கு" என்றான். அன்றிலிருந்து அந்த மெஷின் ஓடும்போதெல்லாம் நான் ஸ்விட்ச் போர்டை விட்டு நகரவே இல்லை.

பயந்தது நடந்தது. பெரிய மாட்டுத் தோல் ஒன்று மடிந்து உள்ளே போனது. மடிப்பில் குமாரின் கையுறை மாட்டிக்கொண்டது. "கால எடு!" என்று அலறினான். நான் ஏழுமலையின் காலைப் பார்த்தேன். அது பெடலின் மேல் அப்படியே இருந்தது. ஸ்விட்சை அடித்தேன். ஸ்விட்சை அணைத்தாலும் அவ்வளவு பெரிய உருளை உடனே நிற்காது. அது சுற்றி ஓய்வதற்குள் குமாரின் கை கையுறையை விட்டு உருவிக்கொண்டு வெளியே வந்தது. கையுறை மட்டும் உள்ளே போயிற்று. ஒரு சைஸ் பெரிய கையுறை என்று தினமும் ஸ்டோர்காரனைத் திட்டிக்கொண்டிருப்பான். அதுதான் அவனைக் காப்பாற்றியது.

குமார் ஏழுமலையின் சட்டையைப் பிடித்துவிட்டான். கெட்ட வார்த்தையெல்லாம் வந்தது. மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். பாய் கையை உயர்த்தினதும் எல்லோரும் விலகினார்கள். மெஷின் நின்றுவிட்டது. ஏழுமலையின் கால் இன்னும் பெடலில்தான் இருந்தது.

"ஏழுமல, கால எடுப்பா" என்றார் பாய்.

அவன் எடுக்கவில்லை. முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"மெஷின் நின்னுட்டுது. பாரு."

"தெரியுது பாய். எடுக்க வரல."

"இன்னாப்பா ஆச்சு?"

"எடுத்தா யாரு கையாவது போய்டும் பாய்."

குமார் அவன் சட்டையை விட்டான். கரீம் பாய் அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தார். அவருடைய முழங்காலுக்கு அது ஆகாத வேலை. இரண்டு கையாலும் ஏழுமலையின் கம்பூட்டைப் பிடித்தார். அவன், "வேணாம் பாய், காலத் தொடாதீங்க பாய்" என்று அழுதான். அவர் கேட்கவில்லை. தூக்கினார். முதலில் வரவில்லை. கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது என்று பிறகு எங்களிடம் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து கால் அவர் கைக்கு வந்தது. அதைப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு அவனை அண்ணாந்து பார்த்தார்.

"பாத்தியா? ஒண்ணும் ஆகல. எல்லார் கையும் இருக்குது. நீயே பாரு."

சொல்லிவிட்டுத் திரும்பி எங்களைப் பார்த்தார். குமார்தான் முதலில் கையைத் தூக்கினான். அப்புறம் தொட்டிக்காரர்கள், வண்டி தள்ளுகிறவர்கள், கூடத்தில் இருந்த ஒவ்வொருவரும் ஏழுமலைக்குத் தெரிகிற மாதிரி விரல்களை விரித்துக் கையை உயர்த்திக் காட்டினார்கள். அவன் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

என் முறை வந்ததும் நானும் தூக்கினேன். இடது கையை.